வீட்டுக்குள் ஒரு கடல்: பாஸ்பேட் ஏறிவிட்டதா? பாட்டிலைத் திறக்கும் முன் இதைப் படியுங்கள்!

கண்ணாடியைத் துடைத்து இரண்டு நாள்கூட ஆகியிருக்காது, மறுபடியும் பச்சை படிந்திருக்கும். பாறைமேல் தலைமுடி போலப் பாசி. ஊதாவாக மின்னிய கிளைப் பவளம் மெல்ல மெல்லக் காப்பிப்பொடி நிறத்துக்கு மாறும். சந்தேகப்பட்டு டெஸ்ட் செய்தால், பாஸ்பேட் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம்!

உப்புநீர்த் தொட்டியில் பவளம் வளர்ப்பவர்களில் பலர் ஒருமுறையாவது பார்த்திருக்கும் காட்சி இது. உடனே கை போவது, பாஸ்பேட்டை உறிஞ்சும் மருந்துப் பக்கம்தான். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. ஏறிய பாஸ்பேட்டோடு பல மாதம் தாக்குப்பிடித்த பவளம், அதை ஒரே நாளில் இறக்கியதால் செத்துப்போவது உண்டு.

பாஸ்பேட் என்ன செய்யும்?

பாஸ்பேட் விஷமில்லை. நம் எலும்பில் இருக்கிறது, மரபணுவில் இருக்கிறது. மீனுக்கும் பவளத்துக்கும் அது வேண்டும். அளவு மீறும்போதுதான் இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, நிறம். பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தை வைத்துச் சமைத்து, பவளத்துக்கும் பங்கு கொடுப்பவை அவைதான். தண்ணீரில் உரம் கூடினால் இந்தப் பாசிகள் பெருகும். அவற்றின் பழுப்பு நிறம், பவளத்தின் சொந்த நிறத்தை மூடிவிடும்.

இரண்டு, வளர்ச்சி. பவளம் தன் எலும்புக்கூட்டைச் சுண்ணாம்புப் படிகமாகக் கட்டுகிறது. பாஸ்பேட் அந்தப் படிகத்தின் மேல்பரப்பில் ஒட்டிக்கொண்டு, அடுத்த அடுக்கு சேரவிடாமல் தடுக்கும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் இருக்கும் ஒன் ட்ரீ தீவில், கின்ஸி, டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் ஒரு பவளத்திட்டில் எட்டு மாதம் நைட்ரஜனும் பாஸ்பேட்டும் கலந்து பார்த்தார்கள். சுண்ணாம்பு சேரும் வேகம் பாதிக்கும் கீழே போனது. 1979-ல் வெளியான ஆய்வு இது.

அப்படியென்றால் பூஜ்யம்தான் நல்லதா? அதுவும் கிடையாது. நைட்ரேட் இருந்து பாஸ்பேட் மட்டும் இல்லாமல் போனால், வெப்பமும் வெளிச்சமும் கூடும்போது பவளம் சீக்கிரம் வெளுக்கிறது என்று இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு 2013-ல் சொன்னது. தொட்டியில் சத்து சுத்தமாக வற்றினால், டைனோஃபிளாஜெல்லேட் என்ற பழுப்புச் சளிப் பாசி, குமிழிகளோடு மணலை மூடுவதும் உண்டு. அதை விரட்டுவது பச்சைப் பாசியை விரட்டுவதைவிடக் கஷ்டம்.

பவளக் கடல்களில் பாஸ்பேட் பெரும்பாலும் லிட்டருக்கு 0.02 மில்லிகிராமுக்கும் கீழேதான். வீட்டுத் தொட்டிக்கு 0.03-லிருந்து 0.1 வரை இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

எங்கிருந்து வருகிறது?

முதல் வாசல், சாப்பாடு. மீன் உணவின் எடையில் சுமார் 1 சதவிகிதம் பாஸ்பரஸ். 200 லிட்டர் தொட்டியில் ஒரு கிராம் உலர் உணவு போட்டால், உள்ளே போவது 10 மில்லிகிராம் பாஸ்பரஸ். பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் சுமார் 30 மில்லிகிராம். எல்லாமே தண்ணீரில் கரைந்தால், ஒரு கிராமிலேயே 0.15 ஏறிவிடும்! மீனின் உடம்பில் தங்குவது கொஞ்சம்தான், மிச்சம் கழிவாக வெளியே வருகிறது. உறைந்த இறாலைக் கழுவிப் போடுவது நல்ல பழக்கம். ஆனால், பாஸ்பரஸில் பெரும்பகுதி இறாலின் உடம்புக்குள்ளேயே இருப்பதால், கழுவுவதால் மட்டும் பெரிதாகக் குறையாது.

இரண்டாவது வாசல், குழாய்த் தண்ணீர். பிரிட்டனிலும் அமெரிக்காவின் பல நகரங்களிலும், பழைய ஈயக் குழாயிலிருந்து ஈயம் கரையாமல் இருக்க, குடிநீரிலேயே பாஸ்பேட் கலக்கிறார்கள். மனிதருக்கு அது பாதுகாப்பு, பவளத் தொட்டிக்கு அது உரம். அதனால்தான் உப்பு கலக்கவும், ஆவியான தண்ணீரை ஈடுகட்டவும் ஆர்.ஓ., டி.ஐ. இரண்டு கட்டமும் தாண்டிய தண்ணீர் வேண்டும் என்கிறார்கள்.

மூன்றாவது வாசல்தான் பலர் கவனிக்காதது... பாறை!

பாறையில் இருக்கும் பழைய பாக்கி

தொட்டியில் அடுக்கியிருக்கும் பாறையும் சுண்ணாம்புதான். தண்ணீரில் பாஸ்பேட் அதிகமானால், பாறை அதை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் குறைந்தால், திரும்ப விடும். ஆறு மாதம் தாராளமாகத் தீனி போட்ட தொட்டியில், அந்த ஆறு மாதத்துப் பாக்கியும் பாறைக்குள் இருக்கும்.

இப்போது ஒருவர் மருந்து போட்டு 0.5-ஐ 0.05-க்கு இறக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டே நாளில் மறுபடி 0.3 காட்டும். மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார், அல்லது இரண்டு மடங்கு போடுவார். உண்மையில் மருந்து வேலை செய்திருக்கிறது, பாறை தன் பாக்கியைக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது பவளம். ஏறி இறங்கும் அளவைத் தாங்காமல் கிளை நுனி வெளுக்கும், அடியிலிருந்து சதை உரியும்.

தண்ணீர் மாற்றுவதற்கும் இதே கணக்குதான். 20 சதவிகிதம் மாற்றினால் 0.5 என்பது 0.4 ஆகும். மறுநாள் பாறை அதில் ஒரு பங்கை நிரப்பிவிடும்.

எந்த வரிசையில் இறக்குவது?

முதலில் அளவு: ஒரு டெஸ்ட்டை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். சில டிஜிட்டல் கருவிகள் பாஸ்பேட்டைக் காட்டாமல், பாஸ்பரஸை பி.பி.பி. கணக்கில் காட்டும். அதை 3.066-ஆல் பெருக்கி 1,000-ஆல் வகுக்க வேண்டும். 30 என்று காட்டினால் பாஸ்பேட் சுமார் 0.09, பயப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, பாறை முழுக்கப் பாசி இருந்தும் டெஸ்ட் பூஜ்யம் காட்டினால் ஏமாற வேண்டாம். வருகிற பாஸ்பேட்டைப் பாசி அவ்வப்போது தின்றுவிடுகிறது.

அடுத்து சாப்பாடு: மீன்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். பட்டினி போட வேண்டாம், வீணாவதை நிறுத்தினால் போதும். மணலிலும் பாறை இடுக்கிலும் தங்கிய கசடை வாரம் ஒரு பகுதியாக உறிஞ்சி எடுங்கள். ஸ்கிம்மர் கோப்பையையும் ஃபில்டர் துணியையும் அடிக்கடி கழுவுங்கள். அழுக்கு கரைவதற்கு முன் வெளியேறினால் பாதி வேலை முடிந்தது.

பிறகு பாசியை வைத்தே பாசிக்குப் போட்டி: கீழ்த்தொட்டியில் சீட்டோமார்ஃபா என்ற நூல்கண்டு மாதிரியான பாசியை வளர்த்து, இரவில் விளக்கு போடுவது பலர் செய்யும் வழி. அது வளர வளரப் பாஸ்பேட்டை உறிஞ்சும். ஒரு கைப்பிடி அறுத்துத் தொட்டியைவிட்டு வெளியே போட்டால்தான் கணக்கில் குறையும்.

கடைசியாக மருந்து: அதிகம் பயன்படுவது குருணையான இரும்பு ஆக்சைடு. துருவுக்கு உறவு, குடிநீரில் ஆர்செனிக் நீக்கவும் பயன்படுவது. பாக்கெட்டில் சொன்ன அளவில் கால் பங்கில் தொடங்குங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் தூசி போக அலசிய பிறகே போட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை டெஸ்ட் செய்யுங்கள். எண் இறங்குவது நின்றால், பழையதை எடுத்துவிட்டுப் புதியது போடலாம்.

லாந்தனம் குளோரைடு இன்னும் வேகமானது, நீச்சல் குளங்களிலும் பயன்படுத்துகிறார்கள். பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளைத் துகளாக மாறும். அந்தத் துகள் மீனின் செவுளில் சிக்கினால் மூச்சு முட்டும். சொட்டுச் சொட்டாக, நுண்ணிய ஃபில்டர் துணிக்குள் விடத் தெரியாதவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

0.5-லிருந்து 0.1-க்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை. பாறையின் பாக்கி தீரும்வரை பொறுமை வேண்டும்.

இந்தியாவில் இருக்கிறீர்களா?

சிங்கப்பூரிலோ, டொரன்டோவிலோ அனுமதி பெற்ற கடையில் பவளம் வாங்கி வளர்க்கும் உறவினர் உங்களுக்கு இருக்கலாம். இங்கே நிலைமை வேறு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-ன் முதல் அட்டவணையில் புலியோடு கடினப் பவளங்களும் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலோ வேறு எங்கோ எடுத்த பவளத்தை, உயிரோடு இருந்தாலும் காய்ந்த துண்டாக இருந்தாலும், எடுப்பதும் விற்பதும் குற்றம். யாராவது குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் விலகிவிடுங்கள்.

அதனால் இங்கே உப்புநீர் மீன்களை மட்டும் வளர்ப்பவர்களே அதிகம். அந்தத் தொட்டியிலும் பாஸ்பேட் ஏறும், பாசி படியும். மேலே சொன்ன வரிசை அப்படியே பொருந்தும். பவளம் இல்லாததால் ஒரு பதற்றம் குறைவு, அவ்வளவுதான்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

* ஒரு வேளைக்கு எவ்வளவு தீனி போடுகிறீர்கள் என்று ஒருமுறை எடைபோட்டுப் பாருங்கள். சமையலறைத் தராசு போதும்.
* உப்பு கலக்கும் முன் வெறும் ஆர்.ஓ. தண்ணீரை டெஸ்ட் செய்யுங்கள். அதிலேயே பாஸ்பேட் தெரிந்தால், டி.ஐ. குருணையை மாற்றும் நேரம் வந்துவிட்டது.
* தேதி, பாஸ்பேட் அளவு, செய்த மாற்றம் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள்.
* புதிதாகக் காய்ந்த பாறை வாங்கினால், தனி வாளியில் உப்புநீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் பாஸ்பேட் ஏறுகிறதா என்று சில வாரம் பாருங்கள். பாக்கி இல்லாத பாறையை உள்ளே விடுவது, பிறகு மருந்து வாங்குவதைவிட மலிவு.