மறதி நோயும் பாடு முறையும்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து எங்களிடம் வரும் முதியோருள் மறதிக்காகவே அழைத்துவரப்படுபவர் மிகச் சிலரே. சர்க்கரை, இரத்த அழுத்தம், ஆறாத புண், கண்புரை என்று ஏதேனும் ஒன்றிற்காக வருகிறார்கள். சிகிச்சை முடிந்து புறப்படும் நேரத்தில்தான் உடன் வந்தவர், "கொஞ்ச நாளாக ஞாபகம் நிற்பதில்லை, வயதாகிவிட்டது அல்லவா?" என்கிறார். மருத்துவர் தலையசைக்கிறார், பேச்சு அத்துடன் முடிந்துவிடுகிறது. அந்தப் பேச்சு அங்கே முடிந்துவிடலாகாது என்பதே எங்கள் கருத்து.

முதுமையில் நினைவு சற்று மெதுவாகச் செயல்படுவது இயல்பு. கண்ணாடியை வைத்த இடம் மறந்து, சிறிது நேரத்தில் நினைவுக்கு வருவது நோயன்று. டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் வேறு. அது மூளையைத் தாக்கும் நோய்களால் நினைவும் சிந்தனையும் படிப்படியாகக் குறைந்து, அன்றாட வாழ்க்கையே தடுமாறும் நிலை. நாற்பது ஆண்டுகள் வலை பின்னிய கை முடிச்சிடத் தெரியாமல் நிற்பது, மீன் விற்ற பணத்தை எண்ண முடியாமல் திகைப்பது, விடையளித்த கேள்வியையே மீண்டும் மீண்டும் கேட்பது, பிறந்து வளர்ந்த குப்பத்திலேயே வீடு திரும்பும் வழி தெரியாமல் நிற்பது, அமைதியானவர் காரணமின்றிச் சினம் கொள்வது அல்லது தம் பொருளைத் திருடிவிட்டதாக வீட்டாரைச் சந்தேகிப்பது ஆகியவை கவனிக்கத்தக்க அறிகுறிகள். இவற்றைக் கண்டு, புத்தி பேதலித்தது என்றோ பேய் பிடித்தது என்றோ எண்ணிக் காலம் கடத்துவோர் இன்றும் உள்ளனர். கோயிலிலும் மாதா ஆலயத்திலும் பள்ளிவாசலிலும் வேண்டிக்கொள்வதை நாங்கள் தடுக்கவில்லை. வேண்டுதலோடு மருத்துவமனைக்கும் வாருங்கள் என்கிறோம்.

இது அரிய நோயன்று. 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோருள் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது மிகுதி என்பதும் அதன் முடிவு. ஆகவே இது நகரத்து வசதி படைத்தோரின் நோய் என்னும் எண்ணத்தை நாம் கைவிட வேண்டும்.

மறதி என்றவுடன் பலரும் அல்சைமர் நோயையே நினைக்கின்றனர். 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் முதன்முதலில் விவரித்த அந்நோயே மிகுதியாகக் காணப்படுகிறது என்பது உண்மை. மூளையின் இரத்தக் குழாய்கள் அடைபடுவதாலும் மறதி நோய் வரும். இரண்டும் சேர்ந்தும் வரும். ஆனால் மறதியாகத் தோன்றுவனவற்றுள் சில, சிகிச்சையால் சீராகக்கூடியவை. பி12 சத்துக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு, நெடுங்காலக் குடிப்பழக்கம், சில தூக்க மாத்திரைகளின் விளைவு ஆகியவை அவ்வகையின. படகில் வழுக்கித் தலையில் அடிபட்டவருக்கு, சில வாரங்கள் கழித்து மண்டையோட்டுக்குள் இரத்தம் தேங்கிக் குழப்பம் தோன்றலாம். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். அறுவை சிகிச்சையால் குணமாகும் வாய்ப்பும் உண்டு. இவற்றை எல்லாம் "வயது" என்னும் ஒரே சொல்லால் மூடிவிடுவது, மீட்கக்கூடிய ஒருவரைக் கைவிடுவதாகும். மேலும், ஓரிரு நாள்களில் திடீரென்று குழப்பம் தோன்றினால் அது பெரும்பாலும் நோய்த்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, உப்புச்சத்துக் குறைவு போன்றவற்றின் அடையாளம். அதற்கு அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டும்.

அடுத்து, மருத்துவர்களாகிய எங்கள் தரப்பில் மாற வேண்டியது ஒன்றுண்டு. நினைவாற்றலைச் சோதிக்க உலகெங்கும் வழங்கும் வினாக்கள் பள்ளி சென்றவர்களுக்காக உருவானவை. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், இப்படத்தைப் பார்த்து வரையுங்கள் என்று கேட்டால், பள்ளியே காணாத மீனவர் நோயின்றியே தோற்றுவிடுவார். இந்தக் குறையை நம் நாட்டு ஆய்வாளர்கள் முன்பே உணர்ந்தனர். அரியானாவின் பல்லப்கர் பகுதியில், எழுத்தறிவற்ற கிராமத்தினருக்கெனவே இந்தி மொழியில் ஒரு சோதனை 1990-களில் வடிவமைக்கப்பட்டது. சென்னையிலும் வேலூரிலும் களங்கள் கொண்டிருந்த 10/66 என்னும் பன்னாட்டு ஆய்வுக் குழுவும், கல்வியால் பிழைபடாத நோயறியும் முறையை உருவாக்கியது.

எனவே, ஏரியில் வாழ்ந்தவரிடம் ஏரியைப் பற்றிக் கேட்க வேண்டும் என்கிறோம். அமாவாசை கழிந்து எத்தனை நாள்? இப்போது வீசுவது வாடையா, கச்சானா? இறாலுக்கு எந்த வலை, மடவைக்கு எந்த வலை? முகத்துவாரம் எப்போது மணலால் அடைபடும்? இவற்றில் தடுமாறுபவரின் தடுமாற்றம் பொருளுடையது. அதைவிட முக்கியம், உடன் வாழ்பவரின் சாட்சியம். ஓராண்டுக்கு முன் அவர் செய்த எந்த வேலையை இப்போது செய்ய இயலவில்லை என்பதற்கு வீட்டார் தரும் விடைக்கு இணையான சோதனை எங்களிடம் இல்லை. அந்த விடையைப் பொறுமையாகக் கேட்டுப் பெறுவது எங்கள் கடமை.

நோய் உறுதியானபின் என்ன செய்வது? அல்சைமர் நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்று இல்லை. டோனெபெசில் போன்ற மாத்திரைகள் சிலருக்கு அறிகுறிகளைச் சிறிது காலம் தணிக்கும், அவ்வளவே. குணமாக்குவதாகக் கூறி விற்கப்படும் எதற்கும் கடன் வாங்கிச் செலவிட வேண்டா. ஆனால் வருமுன் காக்க இடமுண்டு. 2024-இல் லான்செட் ஆணையம், தவிர்க்கத்தக்க 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று கணித்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, மிகுந்த மது, தலைக்காயம், செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, தனிமை ஆகியவை அவற்றுள் சில. 2021 முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் இரத்த அழுத்த மாத்திரையை இடைவிடாது உட்கொள்வது, மூளைக்கும் செய்யும் காவலாகும்.

இனி, எங்கள் மனத்தை மிகவும் உறுத்தும் செய்திக்கு வருகிறோம். மறதி நோயுற்றவரைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரவெல்லாம் விழித்துக் காப்பவர் பெரும்பாலும் ஒரே ஒரு பெண். மனைவி, மகள் அல்லது மருமகள். விடியற்காலையில் மீன் விற்கவும் அவரே செல்ல வேண்டும். ஓராண்டு கழித்து அவரே இரத்த அழுத்தத்தோடும் உறக்கமின்மையோடும் எங்கள் முன் அமர்கிறார். இதைக் குடும்பப் பாசம் என்று புகழ்ந்துவிட்டு நகர்வது நியாயமன்று.

இதற்கு வழி வெளியே தேட வேண்டியதில்லை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய ஊர்களில் பல தலைமுறைகளாக வழங்கும் பாடு முறையை அறியாதார் இப்பகுதியில் இல்லை. நல்ல மீன்பிடி இடத்தை ஒருவரே எந்நாளும் வைத்துக்கொள்ளாமல், தலைக்கட்டுகள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றன. ஏரியின் விளைச்சலை அவ்வாறு பங்கிடத் தெரிந்த மக்கள், வீட்டின் சுமையையும் பங்கிட இயலாதா? இன்று மூத்த மகன், நாளை இளைய மகள், ஞாயிறன்று பேரன் என்று முறை வகுக்கலாம். பிள்ளைகள் கூலிவேலைக்கு வெளியூர் சென்றுவிட்டனர், ஆள் எங்கே என்று கேட்பீர்கள். கேள்வி நியாயமானதே. வெளியூரில் இருப்பவர் மாதம் இரண்டு நாள் வந்து முறை செய்யட்டும். இயலாதவர் பணமாகத் தரட்டும். அண்டை வீட்டார் மாலையில் ஒரு மணி நேரம் உடன் அமரட்டும். இது பெண்ணின் வேலை என்று ஆண்கள் ஒதுங்குவதை மட்டும் எங்களால் ஏற்க இயலாது. தந்தையைக் கரையோரம் நடத்திச் செல்ல மகனைவிடத் தகுந்தவர் யார்?

முறை செய்வோர் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். தவறாகப் பேசினால் வாதிட வேண்டா; பேச்சை மெல்ல வேறு பக்கம் திருப்புங்கள். ஒரு நேரத்தில் ஒரு செயலை மட்டும் சொல்லுங்கள். கையில் பழைய வலையைக் கொடுத்துச் சிக்கெடுக்கச் செய்யுங்கள். பழகிய வேலை மனத்தை அமைதிப்படுத்தும். விடியலில் பழைய நினைவில் படகை நோக்கி நடப்பவர் நீரில் வீழும் ஆபத்துண்டு. கதவில் சிறு மணி கட்டுங்கள். சட்டைப் பையில் தொலைபேசி எண்ணை வையுங்கள். படகுத்துறையிலும் தேநீர்க் கடையிலும் சொல்லி வையுங்கள். கட்டிப்போடவோ, மருத்துவர் சொல்லாமல் தூக்க மருந்து கொடுக்கவோ கூடாது. பராமரிப்பவரின் மனம் தளர்ந்தால் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணிலும், முதியோர் உதவிக்கு 14567 என்னும் எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, மறதியைப் பற்றிப் புறப்படும் நேரத்தில் சொல்லாமல் முதலிலேயே சொல்லுங்கள். உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். பராமரிக்கும் பெண்ணோடு, இனி முறை ஏற்கப்போகும் ஒருவரையும் அழைத்து வாருங்கள். அவ்விருவரோடும் சேர்ந்தே நாங்கள் பேச விரும்புகிறோம்.