மருத்துவர் மட்டுமா மருத்துவமனை?

மவுண்ட் ஆல்பர்ட் தமிழ்ப் பெற்றோர் பலருக்கு மருத்துவத்துறை என்றால் மருத்துவர் மட்டுமே. பட்டம் பெற்ற மகள், நலவாழ்வு நிறுவனமொன்றின் நிறுவன மேம்பாட்டுப் பிரிவில் பயிற்சிப் பணி கிடைத்ததென்று சொன்னால், "இதற்கா கடல் கடந்து வந்தோம்?" என்கின்றனர். உறவினரிடம் "மெடிக்கல் லைன்" என்று மழுப்புவோரும் உளர்.

இவ்வேளனம் அறியாமையில் பிறந்தது. 2007-08இல் உலக சுகாதார நிறுவனம் ஆக்லாந்து உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடத்தியது. அறுவைக்கூடத்தில் 19 அம்சங்களை மருத்துவரும் செவிலியரும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும், அவ்வளவே. புது மருந்தில்லை, புது இயந்திரமில்லை. இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஆனால், அதே பட்டியல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் நடைமுறைக்கு வந்தபோது குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை என்று 2014இல் வெளியான ஆய்வு கூறியது. தாளைச் சுவரில் ஒட்டுவது எளிது. தலைமை மருத்துவரை இளஞ்செவிலி தடுத்துக் கேட்கும் துணிவையும், அதை அவர் பொறுக்கும் பண்பையும் வளர்ப்பதன்றோ கடினம்! அப்பெண் கற்கப்போவது அதைத்தான்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பெருமையுடன் பேசுவோரும் இவர்களே. 1976இல் 11 படுக்கைகளுடன் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அம்மருத்துவமனையை உலக மேலாண்மைப் பள்ளிகள் பாடமாக்கியது கத்தியின் கூர்மைக்காக மட்டுமன்று. கிராமத்துப் பெண்களைப் பயிற்றி உருவாக்கிய பணிப் பங்கீட்டுக்காக.

பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பயிற்சிக்கு ஊதியம் உண்டா? நியூசிலாந்துச் சட்டம் பணியாளருக்குக் கட்டாயமாக்கியுள்ள எழுத்து வடிவ ஒப்பந்தம் கையில் வந்ததா? இவற்றை எத்தனை வீடுகள் கேட்கின்றன?