குடிகொள்ளுதலும் தாக்குதலும்

கால்நடை மருத்துவம் பயின்ற என் தங்கை மகன், பன்றி வளர்ப்போருக்காக எழுதிய சிறு கையேடொன்றை மொழி திருத்தித் தருமாறு என்னிடம் கொடுத்திருந்தான். ‘பாக்டீரியா மூச்சுக்குழாயில் குடியேறுகிறது’ என்று அவன் எழுதிய இடங்களிலெல்லாம் ‘தாக்குகிறது’ என்று மாற்றினேன். நடை விறுவிறுப்பாயிற்று என்பதில் எனக்கு மகிழ்ச்சி. கையேடும் அச்சாகிவிட்டது. சில மாதங்கள் கழித்து வந்தவன், “எல்லோரும் எந்த ஊசி போடுவது என்று மட்டுமே கேட்கிறார்கள், மாமா” என்றான். நான் செய்தது திருத்தமன்று, பிழை என்பது அதன் பிறகே எனக்கு உறைத்தது.

பன்றிகளுக்கு வரும் நாட்பட்ட நிமோனியாவை எடுத்துக்கொள்வோம். மூச்சுக்குழாயின் உட்புறத்தில் மயிரினும் நுண்ணிய குறுஇழைகள் ஓயாது அசைந்து, தூசியையும் சளியையும் மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கின்றன. மைக்கோபிளாஸ்மா ஹையோநிமோனியே என்னும் பாக்டீரியா அவ்விழைகளைப் பற்றிக்கொண்டு மெல்லப் பெருகுகிறது. இழைகளின் அசைவு தளர்கிறது. பின்னர் அவை உதிர்கின்றன. பெருக்குவாரற்ற வீடு போலாகிறது மூச்சுக்குழாய். மூக்கிலும் தொண்டையிலும் முன்பே இருந்த பாஸ்டுரெல்லா போன்றவை அப்போதுதான் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. பன்றி வறட்டு இருமல் இருமும். தீவனம் தின்னும், எடை ஏறாது. தொற்றுக்கு ஆளான பன்றி, தேறிய பின்னும் 200 நாட்களுக்கு மேல் பிறவற்றுக்கு அதைக் கொடுக்கவல்லது. தாயின் மூக்கிலிருந்து குட்டியின் மூக்குக்கு அது செல்லும்போது தாய் நலமாகவே காணப்படலாம். ‘தாக்குகிறது’ என்று படித்தவர், இருமாத தாய்ப்பன்றியை ஏன் ஐயுறப்போகிறார்? ஊசியைத்தான் தேடுவார். அதிலும் இந்தப் பாக்டீரியாவுக்குச் செல்சுவரே கிடையாது. செல்சுவரைக் குலைத்து வேலை செய்யும் பென்சிலின் இதனிடம் பலிக்காது. கொட்டிலின் காற்றோட்டம், நெரிசல், வெவ்வேறு வயதுக் குட்டிகளை ஒன்றாய் அடைக்கும் வழக்கம் ஆகியவை பற்றி என் தங்கை மகன் எழுதியிருந்த இரண்டு பக்கங்களை, என் ஒரு சொல் படிக்கவிடாமல் செய்துவிட்டது.

குதிரைகளின் கதை இதைவிட வியப்பானது. ஐஸ்லாந்துத் தீவுக்குள் சுமார் ஆயிரம் ஆண்டுகளாகக் குதிரைகளைக் கொண்டுவருவதில்லை. போட்டிக்காக வெளிநாடு சென்ற குதிரைகூடத் திரும்பி வர முடியாது. பயன்படுத்திய சேணமும் கடிவாளமும் உள்ளே வரக் கூடாது. இத்தனை காவலிருந்தும் 2010ஆம் ஆண்டு அங்கே குதிரைகள் இருமத் தொடங்கின. ஏறத்தாழ 77,000 குதிரைகள்; அநேகமாக அனைத்தையும் அந்த இருமல் தொட்டது. லாண்ட்ஸ்மோட் என்னும் தேசியக் குதிரைத் திருவிழா மறு ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. முதலில் ஏதோ வைரஸ் என்றே ஐயுற்றார்கள். ஆய்வில் அகப்பட்டதோ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஜூஎபிடெமிகஸ். உலகெங்கும் நலமான குதிரைகளின் தொண்டையிலும் சாதாரணமாக வாழ்வது என்று கருதப்பட்ட ஒன்று! ஐஸ்லாந்துக்குப் புதியதான அதன் ஒரு வகை எப்படியோ உள்ளே வந்திருந்தது. அது பரவிய வழியில் முக்கியமான இடம் ஒரு பயிற்சி நிலையம். அங்கே தண்ணீருக்குள் ஓடவைக்கும் இயந்திரத்தில் பல ஊர்க் குதிரைகள் மாறி மாறி ஏறின. அதே நீரில் நனைந்தன. பின் தத்தம் ஊர் திரும்பின. பாக்டீரியா எங்கும் படையெடுக்கவில்லை. அதற்கு வண்டி கட்டிக் கொடுத்தவர்கள் மனிதர்கள்.

இதன் நெருங்கிய உறவான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ஈக்வி, குதிரையின் தாடைக்கடியிலும் தொண்டையிலும் கட்டிகளை உண்டாக்கி மூச்சை நெரிப்பது. காய்ச்சல் கண்டு இரண்டு மூன்று நாள் கழித்தே மூக்கு வழியாகக் கிருமி வெளிப்படத் தொடங்குகிறது. ஆகவே நாள்தோறும் உடல் வெப்பம் பார்த்து, காய்ச்சல் கண்டவுடன் குதிரையைத் தனியே கட்டினால் மற்றவை தப்பும். மருந்தைக் காட்டிலும் ஒரு வெப்பமானி அங்கே பெரிய காரியம் செய்கிறது. எனினும் தேறிய குதிரைகளுள் சில, செவிக்குழலை ஒட்டியுள்ள காற்றுப்பையில் அதைப் பல மாதங்கள், சில வேளை பல ஆண்டுகள், வைத்திருக்கும். அவற்றுக்கு இருமலில்லை, சளியில்லை. பளபளக்கும் உடலோடு அவை சந்தைக்குப் போகும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘குடியேற்றம்’ என்பதிலும் எனக்கு முழு நிறைவில்லை. ஈழத் தமிழர்க்கு அச்சொல் வேறொரு காயத்தை நினைவூட்டும். ‘குடிகொள்ளுதல்’ என்றால் என்ன? கோயிலில் இறைவன் குடிகொண்டிருப்பதாகச் சொல்கிறோம்; மனத்தில் அச்சம் குடிகொண்டதாகவும் சொல்கிறோம். வந்தது நல்லதா தீயதா என்பதை அச்சொல் முன்கூட்டியே தீர்ப்பதில்லை. தங்கிவிட்டது என்பதை மட்டும் தெரிவிக்கிறது. குதிரைத் தொண்டையிலும் பன்றியின் மூக்கிலும் நடப்பது அதுதானே! தமிழில் அறிவியல் எழுதும் நாம் போர்க்களச் சொற்களை இத்தனை எளிதாக எடுத்துக்கொள்வது, பரணியும் புறமும் படித்த பழக்கத்தாலோ என்னவோ. (இதை எழுதுபவன் பிழைப்பதும் அவற்றைக் கற்பித்துத்தான்.)

கையேட்டின் இரண்டாம் பதிப்புக்கு ‘தாக்குகிறது’ என்பதை அடித்து, ‘குடிகொள்கிறது’ என்று எழுதி அனுப்பினேன். ஓரிடத்தை மட்டும் அவன் மாற்ற மறுத்துவிட்டான். ஆக்டினோபேசில்லஸ் புளூரோநிமோனியே பற்றிய பத்தி அது. பன்றியின் தொண்டைச் சதையில் ஓசையின்றித் தங்கியிருக்கும் அந்தப் பாக்டீரியா, நுரையீரலை எட்டிவிட்டால் நஞ்சைச் சுரந்து செல்களை உடைக்கும். நேற்று நன்றாயிருந்த பன்றி இன்று காலை மூக்கில் குருதி நுரையோடு செத்துக் கிடக்கும். “இதற்கு உங்கள் பழைய சொல்லே சரி, மாமா” என்றான். அந்தப் பத்தியில் அது அப்படியே இருக்கிறது.