கோடு நிறைந்தும் குரல் அறுகிறது

இஷாத் தொழுகைக்குப் பிறகு சாய்ந்தமருது வீடுகளில் கட்டாருக்கும் சவூதிக்கும் இமோ மாதிரி செயலியில் பேச்சு தொடங்கும். “உம்மா, விளங்குதா?” என்று மகன் கேட்டபடியே இருப்பார். இங்கே போனில் வைஃபை கோடு நிறைந்திருக்கும். அந்தக் கோடு ரவுட்டர் வரைக்குமான சேதிதான். அதற்கப்பால் கடலடிக் கேபிளில் நடப்பது கோட்டுக்குத் தெரியாது. நாமோ கனெக்‌ஷன் எடுக்கும்போது வேகத்தை மட்டும் கேட்கிறோம். ஆனால் பேச்சுக்கு வேகம் பெரிதல்ல: இணைய அழைப்பு குரலைச் சிறு பொதிகளாக்கி அனுப்புகிறது. பழைய ஜி.711 என்ற குரல் குறிமுறையிலும் குரலுக்கு நொடிக்கு 64 கிலோபிட் போதும். பொதி பிந்துவதும் தொலைவதும்தான் தொல்லை. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருப்பது நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். அந்தத் தாமதக் கணக்கையும் இணையக் கொம்பனிகள் விளம்பரத்தில் போடட்டும். நம் பக்கமும் குறை உண்டு: ரவுட்டரை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவிட்டுக் கொம்பனியை ஏசுகிறோம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைக் கண்டால் சோரும், 2.4 கொஞ்சம் தாண்டும், ஆனால் அதில் அயல்வீட்டு ரவுட்டர்களின் நெரிசல். மகன் துபாயில் என்றால் கதை வேறு. வாட்ஸ்அப் அழைப்பை அமீரகமே தடுத்திருக்கிறது. பொட்டிம் மாதிரி அனுமதி பெற்ற செயலிதான் வழி.