கல்வியில் எண் பூசை

சிதம்பரத்தில் ஒரு ரகசியம் இருப்பதாக நம் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லப்பட்டு வருகின்றது. திரையை விலக்கினால் அங்கிருப்பது வெறும் வெளிதான். அதைப் பற்றி வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது. இன்று நாம் சொல்ல வந்தது, படித்தவர்களுக்குள்ளேயே புகுந்துவிட்ட வேறொரு ரகசியமாகும். அதாவது ஆராய்ச்சிக் கட்டுரைகளை எண்ணி, அந்த எண்ணையே அறிவு என்று கும்பிடும் வழக்கமாகும்.

எண்ணுவதை நாம் குற்றம் சொல்லவில்லை. குருட்டு நம்பிக்கைக்கு முதல் சத்துரு கணக்குத்தான். 1916இல் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வந்ததும், படிப்பிலும் உத்தியோகத்திலும் யாருக்கு எத்தனை என்று எண்ணிக் காட்டித்தானே? அதுபோலவே எந்த விஷயத்தில் எத்தனை கட்டுரை வருகின்றது, யாரை யார் மேற்கோள் காட்டுகிறார்கள் என்று கணக்கெடுக்கும் முறைக்கு 1969இல் பிரிச்சார்டு என்பவர் பிப்லியோமெட்ரிக்ஸ் என்று பேர் வைத்தார். அதற்கு 21 வருஷம் முன்னமே, 1948இல், கொள்ளிடத்துக்குத் தெற்கே சீர்காழியில் பிறந்தவரும் கணக்கு வாத்தியாராயிருந்து நூலகத் தொழிலுக்கு வந்தவருமான எஸ். ஆர். ரெங்கநாதன், இங்கிலாந்தில் நடந்த ஒரு மகாநாட்டில் இப்படியொரு கணக்கு நூலகங்களுக்கு வேண்டுமென்று சொல்லி, லைப்ரமெட்ரி என்று பேரும் கொடுத்தார். அமெரிக்காவில் 1927லேயே கிராஸ் என்ற பேருடைய இருவர் ஒரு ரசாயனப் பத்திரிகையின் மேற்கோள்களை எண்ணினார்கள். எதற்காக? கல்லூரி நூலகம் எந்தப் பத்திரிகைகளை வாங்கலாமென்று தெரிந்துகொள்ளத்தான்.

ஆகவே புத்தகம் வாங்கப் பிறந்த கணக்கு, மனிதனை எடை போடும் தராசாக மாறினதே இன்றைய சங்கதி. பத்திரிகைகளுக்குத் "தாக்க எண்" என்று ஒன்று போடுகிறார்கள். முந்திய 2 வருஷக் கட்டுரைகளை இவ்வருஷம் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்களோ, அதைக் கட்டுரைகளின் தொகையால் வகுத்து வருவதே அந்த எண். வெறும் சராசரி! நூறு வீட்டுத் தெருவில் ஒரு மிராசுதாரருக்கு ஆயிரம் காணி, மற்ற 99 வீட்டாருக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குச் சராசரி பத்துக் காணி என்று கணக்குச் சொல்லும். அதனால் அந்த 99 வீட்டிலும் அடுப்பெரியுமா?

மேற்கோளின் யோக்கியதைதான் என்ன? கலியாண வீட்டு மொய் நமக்குத் தெரியாததா? நீ எனக்கு எழுதினால் நான் உனக்கு எழுதுவேன். மொய் நோட்டின் கனத்தைக் கொண்டு மாப்பிள்ளையின் குணத்தைச் சொல்ல முடியுமா?

நம் நாட்டில் 2010இல் பல்கலைக் கழக மானியக் குழு, வாத்தியார்களின் உத்தியோக உயர்வுக்குக் கட்டுரைக்கு இத்தனை மார்க்கு என்று ஏற்படுத்திற்று. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் பத்திரிகைகள் ஈசல் போல் கிளம்பின. 2018இல் நல்ல பத்திரிகைகளுக்கு ஜாபிதா போட ஏற்பாடு செய்தார்கள். 2025இல் அந்த ஜாபிதாவையே கைவிட்டார்கள். டாக்டர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே தீரவேண்டுமென்ற விதியும் 2022இல் போயிற்று. பூசாரிகளே மந்திரத்தை மாற்றி மாற்றிச் சொன்னால் சாமியின் சக்தி எப்படிப்பட்டது என்று கேட்கின்றோம்.

நிற்க. இதனால் நமக்கென்ன நஷ்டம் என்று கடலூர் ஜில்லா குடியானவர் கேட்கலாம். 1929இல் ஏற்பட்ட அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 2013 முதல் சர்க்கார் பொறுப்பில் உங்கள் வரிப்பணத்தில் நடக்கின்றது. பரங்கிப்பேட்டையில் அதன் கடல் உயிரின ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. பக்கத்திலேயே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு. அந்தக் காட்டைப் பற்றி ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி அயல்நாட்டுக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் ஏறினால் அவருக்குப் பெருமை. அதே ஆராய்ச்சியைக் கிள்ளை மீன்பிடிப்பவர் படிக்கும்படி தமிழில் எழுதினால் அந்தப் புத்தகத்தில் பூஜ்யம்! அன்றியும் பத்திரிகைகளைக் கல்லூரிகள் படிப்பதற்காக மத்திய சர்க்கார் 2024இல் 3 வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. நம் பிள்ளைகள் நம் பணத்தில் ஆராய்ந்து எழுதிக் கொடுத்ததையும் சேர்த்து நாமே விலை கொடுத்து வாங்குகிறோம். இதற்குப் பேர் கல்வியா, குத்தகையா?

பத்திரிகையின் எண்ணைக் கொண்டு ஆளை அளக்காதே என்று 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் விஞ்ஞானிகளே அறிக்கை விட்டார்கள். உள்ளூருக்குப் பயன்படும் ஆராய்ச்சியைக் காப்பாற்ற வேண்டுமென்று 2015இல் லெய்டன் அறிக்கையும் சொல்லிற்று.

ஆதலால் நாம் சொல்வது, எண்ணாதே என்பதல்ல. சரியாக எண்ணு என்பதேயாகும். எத்தனை கட்டுரை தமிழில் வந்தது? எழுதினவர்களில் பெண்கள் எத்தனை பேர்? தாழ்த்தப்பட்டோர் எத்தனை பேர்? எந்தக் கிராமத்தின் எந்தக் கஷ்டம் அதனால் தீர்ந்தது? இந்தக் கணக்கைக் கேளுங்கள். இதற்குப் பதில் சொல்லாத எண் எவ்வளவு பெரிதானாலும், திரைக்குப் பின்னாலிருக்கும் வெறும் வெளிதான்.