வாலின் நிறமும் தோலின் நிறமும்

யுத்தகாலத்து விமானப் பட்டாளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னமும் ஒரு தளபதியும் உண்டு. இதில் பகுத்தறிவுக்காரருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். அமெரிக்காவின் 99-வது சண்டை விமானப் பட்டாளத்தின் வரலாறே அதற்குப் பதில்.

கறுப்பர்கள் பிறவியிலேயே புத்தி குறைந்தவர்கள், ஆபத்தில் தைரியமற்றவர்கள் என்று 1925-ல் அமெரிக்க ராணுவ யுத்தக் கல்லூரி அறிக்கை எழுதிற்று. 1932-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியில் சேர்ந்த பெஞ்சமின் டேவிஸ் என்ற கறுப்பு வாலிபருடன், உடன் படித்த வெள்ளையர்கள் நான்கு வருஷகாலம் கடமைக்கன்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்குத் தனி அறை, தனிச் சாப்பாடு. இதற்கு நம் நாட்டில் என்ன பெயர் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

அந்த டேவிஸ்தான் 1942-ல் கறுப்பர்களே விமானம் ஓட்டிய 99-வது பட்டாளத்திற்குத் தளபதியானார். சிறகுள்ள சிறுத்தை அதன் சின்னம். 1943-ல், இவர்களுக்குச் சண்டையில் ஊக்கம் போதாது என்று மேலதிகாரி ஒருவர் எழுதினார். டேவிஸ் வாஷிங்டனில் கமிட்டி முன் நின்று பதில் சொன்னார். 1944 ஜனவரியில், அடுத்த தளபதி ஜார்ஜ் ராபர்ட்ஸின் கீழ் இத்தாலியின் ஆன்சியோவில் இரண்டே நாளில் பத்துக்கு மேற்பட்ட ஜெர்மன் விமானங்களை வீழ்த்திப் பட்டாளமே பதில் சொல்லிற்று.

அவ்வாண்டே இப்பட்டாளம் டேவிஸ் தலைமையிலிருந்த 332-வது தொகுதியில் சேர்க்கப்பட்டது. அத்தொகுதி விமானங்களின் வாலுக்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள். எந்தத் தொகுதி என்று தூரத்திலிருந்தே தெரிவதற்காகவேயன்றி அதில் வேறு மகிமை கிடையாது. உயிர் ஊசலாடும் ஆகாயத்தில், குண்டு விமானத்திலிருந்த வெள்ளையருக்குக் காவல் விமானத்தின் வால் நிறந்தான் வேண்டியிருந்ததேயொழிய, ஓட்டியவரின் தோல் நிறம் அல்ல.

இவர்கள் காவலில் ஒரு குண்டு விமானங்கூட விழவில்லை என்றொரு பேச்சு நெடுநாள் உலவிற்று. பிறகு ராணுவத் தஸ்தாவேஜுகளைப் புரட்டியதில் 27 விழுந்ததாகத் தெரிந்தது. ஆனால் அதே வேலை செய்த மற்றத் தொகுதிகள் சராசரியாக இழந்தது அதைவிட அதிகம். பிறவிப் புளுகை மறுக்கும் நாம், நமக்குப் பிரியமானவர்களைப் பற்றிய புராணத்தையும் மறுக்கத்தான் வேண்டும். உண்மையே இவர்களுக்குப் போதிய பெருமை.

1948-ல் ராணுவத்தில் எந்நிறத்தாருக்கும் சம உரிமை என்று ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவிட்டார். 1954-ல் டேவிஸ் விமானப்படையில் ஜெனரல் ஆனார். 1925-ல் எழுதிய சாஸ்திரம் எங்கே போயிற்று?

வேலைக்காகப் பூசிய சாயத்தை வேலை முடிந்ததும் சுரண்டிவிடலாம். பிறவியின் பேரால் பிறர் பூசிய சாயத்தைச் சுமப்பவர்களே துணிந்து சுரண்ட வேண்டும். பிறவியில் யோக்கியதை பேசுவோர் இதற்குச் சமாதானம் சொல்லட்டும்!