வெண்மையின் விலை

ஆஸ்டின் டவுனில் நாய்க்குட்டி வாங்குவோரும் முதலில் நோக்குவது நிறத்தையே. இராசபாளையம் நாய்க்குப் பெருமை அதன் பால்வெண்மை. 2005இல் இந்திய அஞ்சல் துறை அதற்குத் தபால்தலையும் வெளியிட்டது. ஆயினும் அவ்வினத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதுண்டு. உட்செவி இயங்குவதற்கு நிறமி உயிரணுக்கள் தேவை. தோலை வெளுக்கச் செய்யும் மரபணு, சில குட்டிகளின் செவியிலும் அவற்றை இல்லாமற் செய்துவிடுகிறது.

நீள்முடி கொண்ட கோலி இனத்திலும் இத்தகைய இடர் உண்டு. ‘மெர்ல்’ எனப்படும் சாம்பல்திட்டு நிறமுடைய இரு நாய்களை இணைத்தால், ஏறத்தாழ நான்கில் ஒரு குட்டி அம்மரபணுவைப் பெற்றோர் இருவரிடமிருந்தும் பெறும். அதன் கண்ணும் செவியும் பழுதாகலாம். இதை அறிந்தே அவ்வாறு இணைப்பது வணிகமன்று, கொடுமை.

இராசபாளையத்தில் நிறமுள்ள குட்டியைக் குறையுடையதென ஒதுக்குவதும் பேதைமையே. வாங்குவோர் குட்டியின் பின்னே நின்று கைதட்டிப் பார்க்கட்டும். அது திரும்பியபின் நிறத்தைப் பேசலாம்.